தார்க்கலவைக்கு நெருப்பா, போர்வையா?

கலவை ஆலையின் மிக்சரிலிருந்து ஜல்லியும் தாரும் சேர்ந்து விழும்போது 150 முதல் 165 டிகிரி சூடு இருக்க வேண்டும். பேவர் இயந்திரம் அதைச் சாலையில் விரிக்கும்போது 140க்குக் குறையக் கூடாது. ரோலர் உருளும்போது 90க்குக் கீழே இறங்கக் கூடாது. நம் நாட்டில் பரவலாகப் புழங்கும் வி.ஜி.30 ரகத் தாருக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு விதித்திருக்கும் எண்கள் இவை. கனரக வண்டிகள் அதிகம் ஓடும் சாலைக்கான வி.ஜி.40 என்றால் ஆலையில் 160 முதல் 170, விரிக்கும் இடத்தில் குறைந்தது 150. ஆக, வழியில் இழப்பதற்கு நம் கையில் இருப்பது பத்திலிருந்து இருபத்தைந்து டிகிரிதான்.

வழியில் ஆறிவிடும் என்று தெரிந்தால் ஆலையிலேயே கூடுதலாகக் காய்ச்சி அனுப்பிவிடலாமே என்று தோன்றும். பல ஆலைகளில் அதுதான் நடக்கிறது. லாரியில் விழும்போதே நீலப் புகை எழுந்தால் கலவை தீய்ந்துவிட்டது என்று அனுபவமுள்ள ஆப்பரேட்டர் சொல்லிவிடுவார். ஜல்லியைச் சுற்றித் தார் மெல்லிய படலமாகத்தான் ஒட்டியிருக்கிறது. அவ்வளவு மெல்லிய படலம் அதிகச் சூட்டில் காற்றுப் படும்போது வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்து இறுகிவிடும். பத்து வருடத்தில் வர வேண்டிய முதுமை அரை நிமிடக் கலவையில் வந்துவிட்டால், அந்தச் சாலை வெடிப்பதற்கு எந்தக் கனமழையும் தேவையில்லை. எனவே ஆலையில் சூட்டைக் கூட்டுவது தீர்வாகாது. லாரிதான் சூட்டைக் காக்க வேண்டும். எப்படிக் காக்க வேண்டும் என்பதில்தான் உலகம் முழுக்கக் கருத்து வேறுபாடு. சிலர் லாரியின் தொட்டிக்கே சூடேற்றும் ஏற்பாடு செய்கிறார்கள். சிலர் சூடு வெளியேறாமல் போர்த்துகிறார்கள். சிலர் ஆறியதையும் ஆறாததையும் சாலையோரத்தில் மறுபடி கலக்குகிறார்கள்.

எது சரி என்று தீர்மானிக்க, சுமைக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 20 டன் கலவையை ஒரு டிப்பரில் ஏற்றினால் அது ஏறத்தாழ 11 கன மீட்டர் இடத்தை அடைக்கும். தரை, சுவர்கள், திறந்த மேற்பரப்பு எல்லாம் சேர்ந்து 30 முதல் 35 சதுர மீட்டர் பரப்பு வழியாகச் சூடு வெளியேறும். ஆனால் தார்க்கலவை சூட்டை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். ஒரு மணி நேரப் பயணத்தில் குளிர்ச்சி உள்ளே நுழையும் ஆழம் நான்கைந்து சென்டிமீட்டர்தான். அதற்கு உள்ளே இருப்பது ஆலையை விட்டுக் கிளம்பிய சூட்டிலேயே இருக்கும். வெளியோடு மட்டும் கெட்டிப்பட்டு, 100 டிகிரிக்கும் கீழே போய்விடும். கணக்குப் போட்டால் சுமையில் ஏழெட்டில் ஒரு பங்கு இப்படி ஓடாகிவிடுகிறது. சுமையின் சராசரிச் சூடு சில டிகிரிதான் குறைந்திருக்கும். ஆகவே நடுவில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மேற்பரப்பில் மட்டும் அகச்சிவப்புத் துப்பாக்கியைப் பிடிப்பவருக்கு மொத்தச் சுமையும் பாழ் என்று தெரியும். இரண்டுமே பாதி உண்மை.

இந்த ஓடு என்ன ஆகிறது என்பது பின்கதவு திறக்கும்போது தெரியும். டிப்பர் தூக்கியதும் நடுவிலிருந்து சூடான கலவை சரிந்து பேவரின் முன்தொட்டியான ஹாப்பரில் விழும். சுவரோரம் ஒட்டியிருந்தது கடைசியில் கட்டி கட்டியாக வந்து ஹாப்பரின் இரு இறக்கைகளிலும் தங்கும். லாரி விலகியதும் ஆப்பரேட்டர் இறக்கைகளை மடக்குவார். அத்தனை ஆறிய கட்டியும் ஒரே நேரத்தில் நடுவே விழுந்து, கலவையைச் சமன்படுத்தும் ஸ்கிரீடுக்கு அடியில் சாலையாகிவிடும். பெரிய கட்டி என்றால் தொழிலாளி மண்வெட்டியால் அள்ளி எறிவார். சிறியவை அப்படியே உள்ளே போகும். 3.5 மீட்டர் அகலத்தில் 40 மில்லிமீட்டர் கனத்தில் விரித்தால் 20 டன் கலவை ஏறத்தாழ 60 மீட்டர் வரும். நெடுஞ்சாலையில் போகும்போது ஒரே மாதிரியான இடைவெளியில் ஜல்லி பெயர்ந்த திட்டுகள் தென்பட்டால், இடைவெளியை அளந்து பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு லாரியின் முடிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நெடுங்காலம் இந்தத் திட்டுகளுக்குப் பெரிய ஜல்லியும் சிறிய ஜல்லியும் பிரிந்து விழுவதே காரணம் என்று பொறியாளர்கள் நம்பினார்கள். 1996இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ரீட் என்ற மாணவர் தன் முதுகலை ஆய்வில் அந்த நம்பிக்கையைச் சோதித்தார். கெட்டுப்போகும் இடங்களுக்கும் மற்ற இடங்களுக்கும் ஜல்லி அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் சூட்டில் இருந்தது. அதன் பிறகு வெப்பப் படக் கேமராக்கள் சாலைப் பணிக்கு வந்தன. விரித்த பரப்பில் மஞ்சளுக்கு நடுவே நீலத் திட்டுகள் வரிசையாகத் தெரிந்ததும் விவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குள் 14 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் அந்த இடம் சரியாக இறுகாது என்பது அங்கே நடைமுறை வரம்பாகிவிட்டது.

இறுகாவிட்டால் என்ன? இறுகாத இடத்தில் காற்றிடைவெளி மிஞ்சும். அதில் தண்ணீரும் காற்றும் புகும். லிண்டன், மஹோனி, ஜாக்சன் ஆகிய மூவர் 1989இல் வெளியிட்ட ஆய்வு, காற்றிடைவெளி 7 சதவீதத்தைத் தாண்டியபின் கூடும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் சாலையின் ஆயுளில் சுமார் பத்தில் ஒரு பங்கு போகும் என்று மதிப்பிட்டது. பத்து வருடச் சாலையில் ஒரு வருடம் என்றால் அது சிறிய இழப்பல்ல. அந்த ஒரு வருடம் லாரித் தொட்டியின் சுவரோரத்தில் தொலைந்துபோகிறது.

இப்போது சூடேற்றும் தொட்டிக்கு வருவோம். மிகப் பழைய, எளிய வடிவம் எஞ்சின் புகையைத் தொட்டியின் அடித்தட்டிலும் விலாச் சட்டங்களிலும் உள்ள குழாய்களின் வழியாக ஓடவிடுவது. குளிர்நாடுகளில் இது நெடுநாள் வழக்கம். செலவில்லாத சூடு என்று சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. புகை தொடும் இடம் தரையும் கொஞ்சம் சுவரும்தான். காற்று அறையும் மேற்பரப்புக்கு எதுவும் போவதில்லை. அதோடு லாரி ஓடும்போதுதான் நல்ல சூடு வரும். வேலையிடத்தில் வரிசையில் நிற்கும்போது, அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில், எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும். நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 தரம் வந்தபின் இன்னொரு தடையும் சேர்ந்துவிட்டது. புகையைச் சுத்திகரிக்கும் கருவி வேலை செய்வதற்கே அந்தச் சூடு தேவை. புகைக்குழாயில் நாமாகக் கைவைத்தால் பின்னழுத்தம் கூடும், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும், தரச் சான்றும் போகும்.

எரிவாயு அல்லது டீசல் பர்னர் வைத்த தொட்டிகளும் உண்டு. அவற்றில் சிக்கல் வேறு. தார்க்கலவை சூட்டைக் கடத்தாது என்று பார்த்தோம். உள்ளிருந்து வெளியே வர மறுக்கும் சூடு, வெளியிலிருந்து உள்ளே போகவும் மறுக்கும். எனவே தொட்டிச் சுவரை ஒட்டிய தார் தீயும். ஒரு சாண் தள்ளியிருப்பதற்கு ஒன்றும் போய்ச் சேராது. எஸ்.எம்.ஏ. எனப்படும் கரடுமுரடான, தார் அதிகம் கொண்ட கலவையில் இது இன்னும் ஆபத்து. அடியில் சூடு கூடினால் தார் இளகி ஜல்லியை விட்டு வழிந்து தரையில் தேங்கும். அதைத் தடுக்கத்தான் அந்தக் கலவையில் நார் சேர்க்கிறார்கள். நாரைச் சேர்த்துவிட்டு அடியில் நெருப்பும் வைப்பது ஒரு கையால் கட்டி மறு கையால் அவிழ்ப்பது.

தேவைதான் எவ்வளவு என்று பார்த்தால் நெருப்பின் பக்கம் இன்னும் பலவீனமாகிறது. தொட்டியின் எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் பாறைப்பஞ்சு வைத்து, மேலேயும் அதே தரத்தில் மூடினால், 20 டன் சுமையின் சூடு மணிக்கு ஒரு டிகிரிகூட இறங்காது. எந்தப் பர்னரும் இல்லை, எரிபொருளும் இல்லை. கதவு இடுக்கு, மூடியின் ஓரம் இவற்றில் கொஞ்சம் போகும் என்று சேர்த்துக்கொண்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. சாதாரணச் சாலைக் கலவைக்குப் போர்வையே போதும் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

ஜெர்மனி இந்த முடிவுக்குத்தான் வந்தது. கூட்டாட்சி நெடுஞ்சாலைப் பணிகளில் வெப்பக்காப்பு செய்த தொட்டியில்தான் கலவை வர வேண்டும் என்று 2015 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள். முதலில் பெரிய பரப்புள்ள பணிகள், பிறகு சிறியவை. தொட்டியின் சுவர், தரை, மூடி எல்லாவற்றுக்கும் காப்பு வேண்டும். சூட்டை அளக்கச் சுவரில் இடம் வேண்டும். பேவருக்கு முன்னால் கலவையை வாங்கித் தரும் ஃபீடர் இயந்திரமும் அதோடு சேர்ந்து வந்தது. லாரி உரிமையாளர்களுக்கு ஒரே நாளில் செலவைச் சுமத்தாமல் கால அவகாசம் கொடுத்த விதம் நாம் கவனிக்கத் தக்கது.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். லாரியில் ஆறினால் ஆறட்டும், சாலையில் விழும் முன் மறுபடி கலந்துவிடலாம் என்பது அவர்கள் யோசனை. ஆஸ்டெக் நிறுவனத்தைத் தொடங்கிய டான் பிராக் இந்த வெப்ப வேறுபாட்டுச் சேதத்தைப் பற்றி ஓயாமல் எழுதியவர். அந்தக் குழுமத்தைச் சேர்ந்த ரோட்டெக் கொண்டுவந்த ஷட்டில் பக்கி என்ற வண்டி, ஒரு லாரிச் சுமையைத் தனக்குள் வாங்கித் திருகாணிகளால் கலந்து பேவருக்குக் கொடுக்கும். ஓட்டையும் உள்ளடக்கத்தையும் சேர்த்துக் கலந்தால் சுமை சராசரிச் சூட்டுக்குத் திரும்பிவிடுகிறது. லாரி மாறும்போது பேவர் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. விலைதான் கண்ணைக் கட்டும். நெடுஞ்சாலை ஒப்பந்தக்காரருக்குக் கட்டுப்படியாகும். ஊராட்சிச் சாலை போடுபவர் நினைத்துப் பார்க்க முடியாது.

அப்படியென்றால் நெருப்புக்கு வேலையே இல்லையா? உண்டு, அதுவும் தவிர்க்க முடியாத வேலை. பாரிஸில் 1854இல் பெர்ஜேர் தெருவிலும், லண்டனில் 1869இல் திரெட்நீடில் தெருவிலும் போட்ட சாலைகள் தார் இயற்கையாகவே ஊறிய பாறைப் பொடியால் ஆனவை. பொடியை வறுத்து, மூடிய வண்டிகளில் கொண்டுவந்து, கொட்டி இடித்தார்கள். வண்டியில் நெருப்பு இல்லை. அதே காலத்தில் நடைபாதைக்கான மாஸ்டிக் குழம்பைக் கொண்டுபோன வண்டி வேறு. குதிரை இழுத்த அந்தக் கொப்பரைக்கு அடியில் அடுப்பு எரியும். உள்ளே துடுப்பு சுழன்றுகொண்டே இருக்கும். பொடிக்கு மூடி, குழம்புக்கு நெருப்பு என்ற பிரிவினையை அன்றே கைவேலைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மாஸ்டிக் அஸ்ஃபால்ட் ஊற்றிப் பரப்பும் பொருள். அதில் காற்றிடைவெளியே கிடையாது, ரோலர் தேவையில்லை, தண்ணீர் ஊடுருவாது. அதனால்தான் பாலங்களின் மேல்தளம், பேருந்து நிறுத்தம், நாற்சந்தி போன்ற இடங்களில் அதைப் போடுகிறார்கள். கொல்கத்தாவின் தெருக்கள் பலவற்றில் அதைப் பார்க்கலாம். இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 107 என்ற வழிகாட்டி அதற்கானது. கெட்டியான தொழிற்சாலைத் தாரும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து 170 முதல் 210 டிகிரி வரை மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். காய்ச்சியதைத் தூரம் கொண்டுபோவதென்றால் சூடும் துடுப்பும் உள்ள வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். துடுப்பு நின்றால் ஜல்லி அடியில் படியும், தூள் கட்டியாகும், அடிப்பிடித்துத் தீயும். இங்கே சூடேற்றும் வண்டி சொகுசல்ல; கலவையின் தயாரிப்பே வண்டிக்குள் தொடர்கிறது. நம் ஊரில் டிராக்டர் இழுத்துவரும் மாஸ்டிக் குக்கரும் ஜெர்மனியில் லாரி மேல் ஏற்றிய குக்கரும் ஒரே குடும்பம்.

அந்தக் குக்கரின் வாயருகே நிற்பவரைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சாலைத் தார்ப் பணியையும் மாஸ்டிக் பணியையும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில், 2பி பிரிவில் வைத்திருக்கிறது. சூடு கூடக்கூட ஆவி கூடும். ஜெர்மனியில் 2008 முதல் மாஸ்டிக்கின் சூடு 230 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்து, மெழுகு போன்ற இளக்கிகளைச் சேர்த்து வேலையைச் சமாளிக்கிறார்கள். நம் குக்கர்கள் பலவற்றில் தெர்மாமீட்டரே வேலை செய்வதில்லை. வாளியில் பிடித்துத் தோளுயரத்தில் சுமந்து ஊற்றும் தொழிலாளியின் காலில் ரப்பர்ச் செருப்பு. 200 டிகிரிக் குழம்பு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு வேகவைக்கும், துடைத்தெடுக்க முடியாது. சூடேற்றும் வண்டியைப் பற்றிப் பேசும் எவரும் அந்தக் காலுக்கு ஒரு தோல் பூட்ஸ் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

நெருப்பு தேவைப்படும் இரண்டாவது இடம் தாரையே சுமக்கும் டேங்கர். மணலி சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கலவை ஆலைக்குப் போகும் டேங்கரின் உடலைச் சுற்றிக் கண்ணாடிப்பஞ்சுக் காப்பு இருக்கும். அடியில் சூட்டுக் குழாய்கள் ஓடும். பயணத்தில் காப்பே போதும்; இறக்கும் இடத்தில் தார் கெட்டியாகி பம்ப் இழுக்கவில்லை என்றால் பர்னரைப் பற்றவைப்பார்கள். பற்றவைக்கும் முன் டிரைவர் பார்க்க வேண்டியது ஒன்று: தாரின் மட்டம் குழாய்க்கு மேலே இருக்கிறதா? குழாய் வெளியே தெரிந்தால் அது செந்தணலாகி உள்ளே நிறைந்த ஆவியைப் பற்றவைக்கும். இன்னொன்று தண்ணீர். மழையில் மூடி சரியாக மூடாமல் உள்ளே இறங்கிய தண்ணீர், சூடான தாருக்கு அடியில் நீராவியானால் ஆயிரத்து எழுநூறு மடங்கு பெருகும். அந்த நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வழியும்போது பக்கத்தில் நிற்பவருக்கு ஓட நேரமிருக்காது.

மூன்றாவது, என் பார்வையில் நாம் மிகவும் அலட்சியப்படுத்தும் இடம், குழி அடைக்கும் வேலை. இரண்டு டன் கலவைக்கு, ஒவ்வொரு டன்னுக்கும் உள்ள வெளிப்பரப்பு, இருபது டன் சுமையில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த இரண்டு டன்னும் ஒரே இடத்தில் கொட்டப்படுவதில்லை. ஒரு தெருவில் நான்கு சட்டி, அடுத்த தெருவில் ஆறு சட்டி என்று காலை முதல் மாலை வரை சுற்றும். மதியத்துக்குள் டிப்பரில் இருப்பது கடப்பாரையால் உடைக்க வேண்டிய பாறை. அதை உடைத்துக் குழியில் போட்டு, மேலே கொஞ்சம் தாரைத் தெளித்து, டிப்பரின் பின்சக்கரத்தையே ரோலராக ஓட்டிவிட்டுப் போவதை எந்த ஊரிலும் பார்க்கலாம். அடுத்த மழையில் குழி திரும்பிவிடும். மக்கள் ஊழல் என்பார்கள். பல நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் நேர்மையான ஊழியர் செய்தாலும் ஆறிய கலவை ஒட்டாது. மேலை நாடுகளில் இதற்கென்றே சில டன் பிடிக்கும், சுற்றிலும் காப்பும், சுவருக்குள் சூடான எண்ணெய் அல்லது வெப்பக்காற்று ஓட்டமும் உள்ள சூட்டுப்பெட்டி வண்டிகள் உண்டு. நெருப்பு கலவையை நேராகத் தொடாது. தானியங்கிக் கட்டுப்பாடு சூட்டை 150ஐ ஒட்டி நிறுத்திவைக்கும். நம் மாநகராட்சிகளுக்கு முதலில் தேவைப்படும் சூடேற்றும் வண்டி இதுதான்.

பெரிய பணிக்குத் திரும்பினால், நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. மத்திய அமைச்சகத்தின் விவரக்குறிப்பு, கலவையைச் சுத்தமான, வெப்பக்காப்புள்ள, மூடிய வண்டிகளில் கொண்டுவர வேண்டும் என்றே சொல்கிறது. தொட்டியில் கலவை ஒட்டாதிருக்கக் கலவையைக் கெடுக்காத பொருளைப் பூசச் சொல்கிறது. சோப்புக் கரைசலோ சுண்ணாம்பு நீரோ போதும். களத்தில் நடப்பது வேறு. காப்பு என்பது ஒரு தார்ப்பாய். அதுவும் ஓரம் கட்டாமல் காற்றில் படபடக்கும். கிழிசல் வழியே புகை பின்னால் வரும் வண்டிக்காரர் முகத்தில் அடிக்கும். ஒட்டாதிருக்கத் தெளிப்பது டீசல். டீசல் தாரைக் கரைக்கும் திரவம். தொட்டித் தரையில் தேங்கிய டீசல் கலவையோடு சாலைக்குப் போனால் அந்த இடத்தில் தார் ஜல்லியை விடும். ஆறியதால் கெட்டதா, டீசலால் கெட்டதா என்று பிறகு யாரும் பிரித்தறிய முடியாது.

வெயில் நாட்டில் இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் ஓர் உதாரணமும் உண்டு. 2022 ஜூனில் மகாராஷ்டிரத்தின் அமராவதிக்கும் அகோலாவுக்கும் இடையே 75 கிலோமீட்டர் நீளத்துக்கு 105 மணி 33 நிமிடத்தில் தொடர்ந்து சாலை போட்டு கின்னஸ் சாதனை செய்தார்கள். 36,634 டன் கலவை. 25 டன் லாரி என்று வைத்தால் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமான இடைவெளியில் ஒரு லாரி வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். அப்படி வந்தால் கலவை ஆற நேரமே இல்லை. ஆனால் அது தனியாக ஒதுக்கிய சாலை, முன்கூட்டித் திட்டமிட்ட படை. சென்னையில் ஆலை நகருக்கு வெளியே, வேலை நள்ளிரவில், வழியில் சிக்னலும் நெரிசலும், வேலையிடத்தில் கேபிள் தோண்டியவர்களோடு வாக்குவாதம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அவசர அவசரமாக முடிக்கும் பணிகளில் ஈரக்காற்று வேறு. 30 மில்லிமீட்டர் மெல்லிய அடுக்கு சில நிமிடங்களில் 90க்குக் கீழே போய்விடும். லாரியில் இழந்த பத்து டிகிரி ரோலர்காரரின் அவகாசத்திலிருந்துதான் கழியும்.

சூட்டின் தேவையையே குறைத்துவிடலாம் என்பவர்களின் வாதம் வலுவானது. வெதுவெதுப்பான கலவை எனப்படும் முறையில் சேர்மானத்தாலோ நுரைக்க வைத்தோ சுமார் 30 டிகிரி குறைவான சூட்டிலேயே விரித்து இறுக்கலாம். ஐ.ஆர்.சி. 2014இல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. அதே சேர்மானத்தை வழக்கமான சூட்டில் சேர்த்தால் தூரப் பயணத்துக்கு அவகாசம் கிடைக்கும். எரிபொருளும் மிச்சம், புகையும் குறைவு. 19,000 அடிக்கு மேல் எல்லைச் சாலைகள் அமைப்பு தார் போட்ட லடாக்கின் உம்லிங் கணவாய் போன்ற இடங்களில் எந்த லாரியும் சூட்டைக் காப்பது கடினம். அங்கெல்லாம் இதுவும் குளிர்கலவையும்தான் நாளைய வழி. சமவெளியில் இது போர்வைக்குத் துணையாகலாம், மாற்றாகாது. சேர்மானம் போட்டாலும் ஓடு ஓடுதான்.

விதி இருந்தும் நடக்காததற்குக் காரணம் பணம். ஒப்பந்தப் புள்ளியில் கலவை ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு, தூரம் ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று விலை உண்டு. காப்புள்ள தொட்டிக்குத் தனி விலை இல்லை. வாடகை டிப்பர்காரர் இன்று கலவை ஏற்றுவார், நாளை எம்-சாண்ட், மறுநாள் கட்டட இடிபாடு. தன் செலவில் பாறைப்பஞ்சு வைத்து எடையைக் கூட்டி, ஏற்றும் சுமையைக் குறைத்துக்கொள்ள அவருக்கு என்ன அவசியம்? விலைப்பட்டியலில் காப்புத் தொட்டிக்கு டன்னுக்குச் சில ரூபாய் கூடுதலாக வைத்து, காப்பில்லாத வண்டிக்கு அதை வெட்டினால் மாற்றம் தானாக வரும். பழைய டிப்பரின் வெளிச்சுவரில் சட்டமடித்து, பஞ்சு வைத்து, அலுமினியத் தகடு போர்த்தும் வேலை நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகளுக்குப் புதிதல்ல. பால் டேங்கருக்கும் தார் டேங்கருக்கும் காப்புப் போடும் கைகள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கின்றன. தொட்டிச் சுவரில் நான்கு இடத்தில் தெர்மாமீட்டர் செருகும் துளை, சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உள்ளே ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, இரண்டையும் லாரி எண்ணோடும் நேரத்தோடும் எழுதும் ஒரு பதிவேடு: வேலையிடத்தில் இவ்வளவுதான் வேண்டும். இரண்டு அளவுக்கும் இடையே 14 டிகிரிக்கு மேல் போனால் அந்தச் சுமையை மறுகலப்பு இல்லாமல் இறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.